பதினேழாம் குழி மூடிய விதம்

பூட்ஸைக் கழுவாமல் நான் ஒருநாளும் அந்தக் காட்டுக்குள் கால் வைத்ததில்லை. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து ஒரு களைவிதை காலடியில் ஒட்டிக்கொண்டு போனால் போதும், பத்து வருஷத்தில் பாதிக் காட்டைத் தின்று ஏப்பம் விட்டுவிடும். அதனால் வாசலில் ஒரு தொட்டி, தொட்டியில் மருந்துத் தண்ணீர், பக்கத்தில் ஒரு பிரஷ். கம்பெனியின் தலைவரே வந்தபோதும் அவரை நிற்கவைத்துத் தேய்க்கச் சொன்னேன். குனிய முடியாமல் குனிந்து தேய்த்தார், பாவம். என்னை ஏதோ காட்டைப் பற்றிக் கவலைப்படாதவன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம். கேட்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். அது பாதுகாக்கப்பட்ட காடு. அதற்குள் பூமிக்கடியில் ஏதோ ஒரு கறுப்புக் கல் இருக்கிறதா என்று கம்பெனி துளைபோட்டுப் பார்த்தது. துளை போடுவதால் காட்டுக்கு ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. சுற்றுச்சூழல் மேலாண்மை அலுவலர் என்று பெயர். என் அறை ஒரு கண்டெய்னர் பெட்டி. ஏசி உண்டு. அதன் கதவில், 'எங்கள் காலடித் தடமும் இங்கே மிஞ்சாது' என்று பச்சை எழுத்தில் எழுதியிருக்கும். அந்த வாசகம் என்னுடையதுதான்.

துளை போடும்போது தண்ணீரும் களிமண்ணும் கலந்து கூழாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கூழ் வெளியே வந்து தேங்குவதற்குப் பக்கத்திலேயே ஒரு குழி வெட்டுவோம். ஒரு சின்ன அறை அளவு, இரண்டு ஆள் ஆழம். இயந்திரம் அடுத்த இடத்துக்குப் போனதும் கூழை இறைத்து எடுத்துவிட வேண்டும், குழியை மூட வேண்டும், மேலே அந்தக் காட்டுச் செடியையே நட வேண்டும். மூடும்வரை சுற்றிலும் வேலி இருக்க வேண்டும். குழியின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டியிருக்க வேண்டும். தப்பித்தவறி ஒரு விலங்கு விழுந்துவிட்டால் ஏறி வெளியே வரவேண்டாமா? இந்த விதிகளை எழுதிய கூட்டத்தில் நானும் இருந்தேன். சரிவைப் பற்றிய விதியைச் சேர்க்கச் சொன்னதே நான்தான்.

முதல் குழியை மூடத்தான் நினைத்தேன். நம்புங்கள். மண் தள்ளும் பொக்லைனைக் கேட்டேன். திட்ட மேலாளர், "அது அடுத்த குழி வெட்டிட்டிருக்கு சார், இதை அப்புறம் பாத்துக்கலாம். அறிக்கை மட்டும் இன்னிக்கே அனுப்பிடுங்க" என்றார். மனிதர் நல்லவர், எப்போதும் அவசரத்தில் இருப்பார். அறிக்கையோடு படங்கள் போக வேண்டும். ஒவ்வொரு குழி இடத்திலும் நாங்கள் ஒரு மரமுளை அடித்து வைப்போம். வெட்டுவதற்கு முன் அந்த முளையருகே நின்று நாலு திசையிலும் நாலு படம். மூடிச் செடி நட்டு, அது தழைத்த பின் அதே முளையருகே நின்று மறுபடி நாலு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியக்கூடாது. அதுதான் வெற்றி.

அன்றைக்குப் பார்த்து என் கேமராவில் அந்த இடத்தின் முன்படங்கள் எட்டு இருந்தன. காலையில் வெளிச்சம் சரியில்லை என்று சாயங்காலமும் நாலு எடுத்திருந்தேன். கொஞ்ச நேரம் யோசித்தேன். சரியாக மூடிய குழி, வெட்டுவதற்கு முன் இருந்த இடம் மாதிரியேதான் இருக்கப்போகிறது. அப்படியானால் வெட்டுவதற்கு முன் எடுத்த படம்தானே மிகச் சரியான பின்படம்? காலைப் படங்களை முன்படமாகவும் சாயங்காலப் படங்களைப் பின்படமாகவும் ஒட்டி அனுப்பினேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் சீக்கிரமாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. புது இடத்துக்குப் போனால் காலையில் நாலு, சாயங்காலம் நாலு. மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் தத்ரூபமாக இருக்கும். ஆகமொத்தம் நாற்பத்தொரு குழிகள். நாற்பத்தொன்றும் காகிதத்தில் மூடப்பட்டுத் தழைத்துக் குலுங்கின. மேலிடத்தில் அசந்துபோனார்கள். வழவழப்பான தாளில் படங்களை அச்சடித்துப் புத்தகமாகப் போட்டார்கள். வேறு கம்பெனிக்காரர்கள் என்னிடம் வந்து, எந்த உரம் போடுகிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். ஆய்வுக்கு வருகிறவர்கள் வாசலில் பூட்ஸைக் கழுவுவார்கள், என் அறையில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டுவார்கள், ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்வார்கள். காட்டுக்குள் போனால் காடு கெட்டுப்போகுமே என்று நான் சொன்னால் உடனே ஒத்துக்கொள்வார்கள். இயற்கையின் மேல் அவ்வளவு கரிசனம் உள்ளவர்கள்.

இனி மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தங்கையின் கணவர். அந்தக் காட்டின் வனக்காவலர். நான் பார்த்து முடித்துவைத்த சம்பந்தம் அது. நாலு இடம் வந்தது. இவர் ஒருவர்தான், பெண் பார்க்க வந்த இடத்தில், உங்களுக்கு என்ன கெட்ட பழக்கம் என்று கேட்டதற்கு, உண்மையாகவே யோசித்து, "சாப்பிட்டதும் தூங்கிடுவேன்" என்று பதில் சொன்னவர். வெள்ளந்தி. அவருக்குப் பொய் சொல்ல வராது. கஷ்டப்பட்டு ஒன்று சொன்னாலும் காது சிவந்துவிடும், தங்கை பார்த்துச் சிரித்துவிடுவாள். எந்த மரத்தில் எந்தப் பொந்து, எந்த ஓடையில் எத்தனை மான் என்று விரல்நுனியில் வைத்திருப்பார். ஆனால் எங்கள் வேலை நடக்கிற பகுதிக்கு வெளியே 'அனுமதியின்றி நுழையாதீர்' என்று நான் பலகை வைத்திருந்தேன். மூன்று வருஷமாக அவர் அந்தப் பலகையைத் தாண்டியதில்லை. மச்சான் வைத்த பலகை ஆயிற்றே.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சாப்பாடு தங்கை வீட்டில்தான். காவலர் குடியிருப்பில் இரண்டு அறை, ஜன்னலோரம் ஒரு மேசை. அன்று நான் அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோயிருந்தேன். தங்கை பார்த்துப் பெருமைப்படட்டுமே என்றுதான். அதுதான் நான் செய்த தப்பு. அவள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "அண்ணா, எல்லாம் ஒரே மாதிரி மரமா இருக்கே" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மாப்பிள்ளைதான் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். பதினேழாம் குழியில் நின்றுவிட்டார்.

"மச்சான், இந்தக் கவட்டை மரம் நிக்குதே."

"நிக்கட்டுமே மாப்பிள்ளை. என்ன இப்போ?"

"இல்ல, படம் எடுத்த தேதி போன மாசம் அஞ்சுன்னு போட்டிருக்கு. அதுக்கு முந்தின மாசமே அடிச்ச காத்துல இது விழுந்துடுச்சு. நான் மேட்டுலேருந்து பாத்தேன்."

நாற்பத்தொரு குழி, ஆயிரம் மரம். அதில் விழுந்த ஒரு மரத்தை என் வீட்டு மாப்பிள்ளைதான் பார்க்க வேண்டுமா? அவர் முகத்தைப் பார்த்தேன். என்மேல் துளி சந்தேகம் இல்லை. அவருக்கு என்னைப் பற்றித்தான் கவலை.

"அச்சடிச்சவங்க தேதியை மாத்திப் போட்டுட்டாங்க மச்சான். வியாழக்கிழமை மேலிடத்துலேருந்து ஒரு குழு வருது. இந்தத் தடவை உள்ளயே போய்ப் பாக்கணுமாம், என்னை வழிகாட்டச் சொல்லியிருக்காங்க. இதைப் பாத்தா உங்களையில்ல கேப்பாங்க? நாளைக்கே போய் நாம புதுசா நாலு படம் எடுத்துடலாம். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

தங்கை ரசம் ஊற்ற வந்தவள், "உங்க மச்சானுக்கு நீங்க பாடம் எடுக்குறீங்களா?" என்று அவரைச் சீண்டினாள். நான் சிரித்தேன். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால், ஏன் வேண்டாம் என்று கேட்டிருப்பார்.

மறுநாள் திங்கட்கிழமை. துளைபோடும் ஆட்கள் மாறுகிற நாள், அதனால் உள்ளே யாரும் இல்லை. மாப்பிள்ளை காலையிலேயே கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு குறுக்குவழியாக நடந்தே வந்துவிட்டார். நான் சொல்லாமலே பூட்ஸைத் தேய்த்துக் கழுவினார். என் ஜீப்பில் போனோம். வழியெல்லாம் தங்கைக்கு ஒரு தையல் இயந்திரம் வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். மோட்டார் வைத்தது நல்லதா, காலால் மிதிப்பது நல்லதா என்று கேட்டார். மோட்டார் வைத்தது என்றேன்.

பதினேழாம் குழி திறந்து கிடந்தது. நான் எதிர்பார்த்ததுதான். வேலியும் இல்லை, சரிவும் இல்லை. பாதி ஆழம்வரை கூழ்; வெயிலில் மேல்கூழ் காய்ந்து, வெடிப்பு விட்ட தரை மாதிரி கிடந்தது. அடியில் பிசைந்த மாவு பதத்தில் அப்படியே இருக்கும் என்பது எனக்குத் தெரியும். மாப்பிள்ளை குழியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். இப்போதாவது புரிந்திருக்கும் என்று நினைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன்.

"யாரோ திரும்பத் தோண்டியிருக்காங்க மச்சான்" என்றார். "நீங்க கஷ்டப்பட்டு மூடினதை."

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அப்போது அவர்மேல் கோபம்தான் வந்தது. ஒரு மனிதன் அவ்வளவு நல்லவனாக இருந்தால் அவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திட்டியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன், காலில்கூட விழுந்திருப்பேன். இவர் என்னடாவென்றால் எனக்காக வக்காலத்து வாங்குகிறார். வியாழக்கிழமை அந்தக் குழுவிடமும் இதையேதான் சொல்லப்போகிறார். யார் தோண்டினார்கள் என்று அவர்கள் விசாரிப்பார்கள். அப்புறம் நாற்பத்தொன்றும் வெளியே வரும்.

அப்போதுதான் ஒரு முனகல் கேட்டது. குழியின் மூலையில் ஒரு மான்குட்டி. முன்னங்கால் இரண்டும் கூழில் புதைந்து, தலையை மட்டும் தூக்கிக்கொண்டு கிடந்தது. நான் வாய் திறப்பதற்குள் மாப்பிள்ளை இறங்கிவிட்டார். காய்ந்த மேல்தரை அவரை நாலு எட்டு தாங்கியது. குட்டியிடம் போய்ச் சேர்ந்தபோது உடைந்தது. இடுப்புவரை போனார், பிறகு மார்புவரை. அந்த நிலையிலும் குட்டியை உருவி எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். நான் மண்டியிட்டுக் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"ஜீப்ல கயிறு இருக்கு மச்சான், வரும்போது பாத்தேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கயிறு இருந்தது. பின்சீட்டுக்கு அடியில், சுற்றிக் கட்டி வைத்திருந்தேன். நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் போனேன். முதலில் அதைக் கவனிக்க வேண்டியிருந்தது. கேனில் இருந்த தண்ணீரால் கழுவினேன், மூக்கில் அடைத்திருந்த களியை விரலால் எடுத்தேன், துணியால் துடைத்தேன். நடுங்கிக்கொண்டே நின்றது. கொஞ்ச நேரத்தில் புதருக்குள் ஓடிவிட்டது. நல்ல சுட்டியான குட்டி.

பிறகு விபத்துப் படிவத்தை எடுத்தேன். காட்டுக்குள் ஒரு மனிதரைக் கயிறு போட்டு இழுத்தால் படிவம் நிரப்பியாக வேண்டும், அது விதி. இடம் என்ற கட்டத்தில் குழி எண் எழுத வேண்டும். பதினேழு என்று எழுதினால், அது ஆவணப்படி போன மாதமே மூடித் தழைத்த குழி. மூடின குழியில் ஒருவர் எப்படி விழுவார்? அடுத்து, விபத்துக்குள்ளானவர் பணியாளரா, வெளியாரா என்று இருந்தது. அவர் எங்கள் பணியாளர் இல்லை. வெளியார் என்று எழுதவும் மனசு வரவில்லை, என் தங்கையின் கணவர் அல்லவா? இரண்டு மூன்று முறை எழுதிப் பார்த்துக் கிழித்தேன். படிவம் ஒத்துவரவே இல்லை. குழி இல்லை என்று ஆவணம் சொல்கிறது, குழிக்குள் ஆள் இருக்கிறார். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

"மச்சான், கயிறு கிடைச்சுதா?" என்று குரல் வந்தது.

"தேடிட்டிருக்கேன் மாப்பிள்ளை" என்றேன். அவர் பயந்துவிடக்கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னேன். அதற்குமேல் அவர் அவசரப்படுத்தவில்லை. மெதுவாகத் தேடுங்கள், நான் அசையாமல்தான் இருக்கிறேன் என்றார்.

பொக்லைன் இரண்டு திருப்பம் தள்ளி, கடைசித் துளையருகே நின்றுகொண்டிருந்தது. சாவி எப்போதும் இருக்கைக்கு அடியில் இருக்கும். ஓட்டுநர்களுக்குப் பயிற்சிச் சான்றிதழ் கொடுப்பவன் நான், எனக்கு ஓட்டத் தெரியாமல் இருக்குமா? போய்க் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அன்று சாயங்காலத்துக்குள் பதினேழாம் குழி மூடப்பட்டது. மறுநாள் எங்கள் நாற்றங்காலிலிருந்து முப்பது கன்று எடுத்துப்போய் நட்டேன். அந்த மாத அறிக்கையில், 'மீட்கப்பட்ட வனவிலங்கு: ஒன்று' என்று எழுதினேன். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

காணவில்லை என்று புகார் எழுதிக்கொடுத்ததும் நான்தான். தங்கை பேனாவை என்னிடமே கொடுத்துவிட்டாள். உயரம், நிறம், அன்று போட்டிருந்த உடுப்பு எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினேன், அன்று காலை அவர் என்னிடம் வந்துசேரவே இல்லை என்பதையும். தேடுவதற்குப் போன நூறு பேரையும் வாசலில் நிறுத்தி பூட்ஸைக் கழுவ வைத்துத்தான் உள்ளே விட்டேன். எங்கள் வேலைப்பகுதியில் தேடும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அந்த அமளியில் வியாழக்கிழமை ஆய்வு தள்ளிப்போனது, பிறகு எல்லோருக்கும் மறந்தே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னமும் அவள் வீட்டில்தான் சாப்பிட்டேன். மூன்று தட்டு வைப்பாள். "அண்ணா, ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்பாள். இன்னும் தேடிட்டிருக்கோம்மா என்று சொல்வேன். அந்தத் தையல் இயந்திரத்தை நானே வாங்கிக் கொடுத்தேன், மோட்டார் வைத்தது.

எட்டு மாதம் கழித்துக் கம்பெனி கடையைக் கட்டியது. கறுப்புக் கல் எங்கேயும் இல்லையாம். இடத்தை ஒப்படைக்கும்போது தணிக்கைக் குழு ஒன்று வந்தது. இளவட்டங்கள். பூட்ஸைக் கழுவிவிட்டு, என் அறைக்கு வராமல், நேராகக் காட்டுக்குள் போய்விட்டார்கள். மூன்று நாள் கழித்து வந்து, "நாற்பது குழி திறந்தே கிடக்கிறது. நீங்கள் ஒரு குழியைக்கூட மூடவில்லை" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள்.

ஒரு குழியைக்கூடவா? அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. இருபது வருஷம் இந்தத் துறையில் இருக்கிறேன். நாற்பது என்று நீங்களே எண்ணியிருக்கிறீர்களே, நாற்பத்தொன்றாவது எங்கே என்று கேட்டேன். என் ஜீப்பிலேயே கூட்டிக்கொண்டுபோய்ப் பதினேழாம் குழியைக் காட்டினேன். கன்றுகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. முப்பதில் ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. அவர்களே குனிந்து இலைகளைத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேலே பார்த்தால் போதாது, உள்ளே மண் வரிசையாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஒரு பெண் சொன்னாள். அடிமண் அடியில், மேல்மண் மேலே இருக்க வேண்டும், மாறினால் வேர் பிடிக்காது. தாராளமாகப் பாருங்கள் என்றேன். மண்ணை உருவி எடுக்கிற குழாயை அவள் திருகித் திருகி இறக்கினாள். மேல்மண் வந்தது, அடிமண் வந்தது. வரிசை கச்சிதம் என்று சொன்னாள். அதற்கடியில் களியோடு காக்கித் துணி வந்தது.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். பொக்லைனைக் கொண்டுவந்தபோது அவருக்கு உயிர் இருந்ததா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன், சொல்கிறேன். அடிமண்ணைத் தள்ளும்போது அவர் 'மச்சான்' என்று கூப்பிட்டார். மூன்று தடவை. மேல்மண்ணைத் தள்ளும்போது கூப்பிடவில்லை.

இந்தப் பகுதியை மட்டும் என் தங்கைக்குப் படித்துக் காட்டவேண்டாம். அவள் மனசு தாங்காது. இனிமேல் அவளுக்கு ஆதரவு என்று இருப்பது நான் ஒருவன்தான்.